வெறும் படகில் கேட்ட தோத்திரம்

என்னோடு ஒரே வரிசையில் முழந்தாளிட்டுப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்களில் இன்னும் இருக்கிறவர்களே, இது உங்களுக்கு. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். என் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே இது ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஆகையால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாத வார்த்தை அதிகம் இருக்காது.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, நம் கரையில் பொழுது சாயும் நேரத்தில் கடலிலிருந்து வரும் தோத்திரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காற்று இறங்கி, பாய் தொங்கிப்போய், துடுப்புப் போட்டுப் படகுகள் வரும் நேரம் அது. முதலில் தண்டல், அதாவது சுக்கானைப் பிடித்துப் படகை நடத்துகிறவர், "பிதாவுக்கும்" என்று நீட்டிச் சொல்வார். படகில் மற்றவர்கள் "சுதனுக்கும்" என்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, "இஸ்பிரீத்து சாந்துவுக்கும் தோத்திரம்" என்பார்கள். இப்போது பரிசுத்த ஆவி என்கிறோமே, அவரை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம்.

வெளியூரிலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஒருவர் இதைக் கேட்டுக் கண் கலங்கி, "எவ்வளவு பக்தியான ஜனங்கள்!" என்றாராம். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, "சூடைம்மா, சூடை மீனு வந்துருக்கு" என்று சொல்லிக்கொண்டே கடகப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்து ஓடினாளாம்.

அதுதான் விஷயம். படகு நிறைய மீன் இருந்தால்தான் தோத்திரம். பாதிப் படகு என்றால் கொஞ்சம் மெதுவாக. வெறும் படகு வாயைத் திறக்காமல் வந்து மணலில் முட்டும். தோத்திரம் கேட்டால் பெண்கள் பெட்டியை எடுப்பார்கள், உப்பை அள்ளுவார்கள், தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார்கள். கேட்காவிட்டால் அடுப்பில் கேப்பைக் கஞ்சிக்கு உலை வைப்பார்கள். யாரும் இப்படி ஒரு சட்டம் போடவில்லை. எங்கள் கரையில் அது அப்படித்தான் இருந்தது.

நான் சொல்லும் வருஷம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டது. தென்கடல் கொந்தளிக்க, படகுகளை எல்லாம் வடகடலுக்குக் கொண்டுபோனார்கள். வடகடலிலும் மீன் இல்லை. நூல் வலைகளுக்குப் புளியங்கொட்டைத் தோலைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்களே, அந்தச் சாயம் போட்ட வலைகள் மீன் பட்டுக் கிழியாமல் புதிதாகவே கிடந்தன. தண்ணீரில் நனைந்தன, அவ்வளவுதான். தோத்திரம் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாம் புதுநன்மைக்குப் படித்தோம். கோயிலில் வேதம் சொல்லித் தரும் உபதேசியார் பூவரசங் கம்போடு உட்கார்ந்து, "மூணா, ஒண்ணா?" என்று கேட்பார். "ஆள் மூணு, தேவன் ஒண்ணு" என்று சொல்ல வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. மூன்று ஆள் என்றால் மூன்று கும்பாக் கஞ்சி வேண்டும், எப்படி ஒன்றாகும்? உபதேசியார் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். கேட்டதற்கு முழங்காலில் ஒன்று விழுந்தது. அடித்ததனால் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

பெந்தகோஸ்தே கழிந்து, மூன்று ஆளும் ஒரே தேவன் என்பதைக் கொண்டாடும் தமதிரித்துவத் திருநாள் வந்தது. எங்கள் அய்யா, என்னைப் பெற்றவர், ஊரில் ஒரு சம்மாட்டியின் படகுக்குத் தண்டல். சம்மாட்டி என்றால் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர். அய்யா பிரசங்கத்தில் தூங்குகிறவர். வாரமெல்லாம் வலையோடு கிடந்த மனிதரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அன்று முழித்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பூசை வைத்த சாமியார் தெற்கத்திக்காரர், குரல் கணீரென்று இருக்கும். "நன்றி வேறு, புகழ்ச்சி வேறு" என்றார். "கொடுத்ததற்குச் சொல்வது நன்றி. ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அவர் அவராக இருப்பதற்குச் சொல்வதுதான் புகழ்ச்சி. உங்கள் கரையில் மீன் வந்தால் தோத்திரம் கேட்கிறது, வராவிட்டால் கேட்பதில்லை. அப்படியானால் நீங்கள் யாருக்குத் தோத்திரம் சொல்கிறீர்கள்? மீனுக்கா?" ஜனங்கள் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஏலே, அந்தத் தோத்திரத்த முழுசாச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். "ஆதியிலே இருந்தது போல இப்பொழுதும் எப்பொழுதும்" என்று வந்ததும், "நிப்பாட்டு" என்றார்.

"ஆதியிலன்னா எப்பலே?"

"ஒலகம் உண்டாகுறதுக்கு முன்னால. உபதேசியார் சொன்னாரு."

"கடல் இருந்துச்சா அப்ப?"

"இல்ல."

"கடலே இல்லைன்னா மீனு ஏது?" என்று சொல்லிவிட்டு அவர் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அப்பவே மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சந்தோசமா இருந்துருக்காங்க. அதத்தான் நம்ம சொல்றோம்போல" என்றார்.

நான் விடவில்லை. "மூணு ஆளு எப்படிய்யா ஒண்ணாக முடியும்?"

"எனக்கும் வெளங்கலடா. ஆனா மூணு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒண்ணும் ஒளிக்க மாட்டாங்களாம். நம்மூருல அப்படி ரெண்டு பேரப் பாத்துருக்கியா நீ?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.

மறுநாள் பொழுது சாயக் கடலில் தோத்திரம் கேட்டது. நம் கரையே எழுந்தது. பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். பக்கத்து வீட்டு அத்தை உப்பை மடியில் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அவளுக்கு வீட்டில் ஆண் துணை இல்லை. கருவாடு போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தாள். படகு மணலில் ஏறியதும் எட்டிப் பார்த்தோம். நனைந்த வலை, கயிறு, கீழே கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு நண்டு. அதுவும் அரை உயிரோடு.

"மீனு எங்கண்ணே?" என்றாள் அத்தை.

"இல்லத்தா" என்றார் அய்யா.

"பெறகு எதுக்குத் தோத்திரம் சொன்னீங்க?"

அய்யா சுக்கானைக் கழற்றிக்கொண்டே, "சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

அத்தை திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

இரண்டாம் நாளும் அப்படியே நடந்தது. அதன்பிறகு ஊர் தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. இலங்கையிலிருந்து வரும் அக்கரைப் படகுகள் நடுக்கடலில் வந்து மீனை வாங்கிக்கொண்டு துணியும் சோப்பும் கொடுத்துப் போவது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் அய்யா மீனை அங்கேயே தள்ளிவிட்டு வருகிறார், மனசு நிறைந்திருக்கிற ஆள் பழக்கத்தில் வாய் தவறித் தோத்திரம் சொல்லிவிடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நம் ஊர்க் காதுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. மீன் இல்லாமல் ஒருவன் தோத்திரம் சொல்வான் என்பதைவிட, மீனைத் திருடி விற்றான் என்பது நம்புவதற்கு லேசாக இருந்தது.

எங்கள் ஆத்தாவும் நம்பவில்லை. அய்யா கஞ்சி குடிக்க உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"மீன் வாடையே இல்லையே."

"மீனு இருந்தாத்தான வாடை வரும்?"

"எம்புட்டு நாளு மீனு இல்லாம வந்துருக்கீங்க, அப்பல்லாம் பழைய வாடையாச்சும் இருக்கும். சோப்புப் போட்டீங்களா?"

அய்யா கையை இழுத்துக்கொண்டு, "உப்புத் தண்ணியில கழுவுனேன்" என்றார். ஆத்தா அன்று அவர் கழற்றிப் போட்ட துணியை உதறிப் பார்த்தாள், மடிப்பையைத் தடவிப் பார்த்தாள். பாம்பனில் யாராவது பொம்பளை இருக்கிறாளோ என்று அத்தையிடம் வேலியோரம் கேட்டதையும் நான் கேட்டேன். அத்தை, "இருந்தா மட்டும் தோத்திரமா சொல்லுவாக?" என்றாள்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில், "ஏலே, ஒங்கய்யா எங்கலே ஒளிச்சு வச்சுருக்காரு?" என்று நீங்களே கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? நான் படகின் முன்பக்கப் பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். செதில்கூட ஒட்டவில்லை. ஒன்றும் கிடைக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு சோப்பாவது கிடைத்திருக்கலாம்.

படகில் இருந்தவர்கள் பயந்தார்கள். அய்யாவின் தம்பி, என் சித்தப்பா, அதே படகில்தான் முன்னால் இருந்தார். மூன்றாம் நாள் அய்யா "பிதாவுக்கும்" என்று தொடங்கியபோது யாரும் "சுதனுக்கும்" சொல்லவில்லை. அந்த முதல் சொல் மட்டும் தண்ணீர்மேல் வந்து கரையில் தனியாக நின்றது. பிறகு துடுப்புச் சத்தம். கதவைத் தட்டிவிட்டு ஒருவர் வெளியில் நிற்பது போலவும், உள்ளே எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போலவும் இருந்தது. ஆனாலும் அய்யா ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

சம்மாட்டி தன் மச்சினரைப் படகில் ஏற்றி அனுப்பினார், வேவு பார்க்கத்தான். மச்சினர் விடியுமுன் கருக்கலில் வெள்ளை வேட்டியோடு ஏறினார். பொழுது சாயத் திரும்பியபோது வேட்டி வெள்ளையாக இல்லை. நாள் முழுக்க வாந்தி எடுத்ததாகச் சித்தப்பா சொல்லிச் சிரித்தார். மச்சினர் மணலில் குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னார்:

"மாமா, எந்தப் படகும் கிட்ட வரல. வலையில ஒண்ணுமில்ல. மூணு பேருக்குத் தோத்திரம் சொல்லியும் ஒரு காரல் குஞ்சுகூட வரல. ஆனா இந்த ஆளு கரையப் பாத்ததும் சந்தோசமாக் கத்துறாரு."

இதோடு சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தேன். சம்மாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீ ஏறுனது தெரிஞ்சுதான ஒண்ணும் செய்யல? மீனு இல்லாம ஒருத்தன் சந்தோசமா இருக்கான்னா என்னமோ இருக்கு" என்றார். சந்தேகம் பிடித்த மனசுக்கு அத்தாட்சியே தீனி என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை அய்யாவைக் கூப்பிட்டு விட்டார். நானும் கூடப் போனேன்.

"இந்தா பாருப்பா" என்றார் சம்மாட்டி. "நீ வித்தியா விக்கலையான்னு நான் கேக்கல. ஒன் சத்தத்தக் கேட்டுக் கருவாட்டு யாவாரிக வண்டியோட வந்துட்டுத் திரும்பிப் போறானுக. நாளைக்கு நெசமாவே மீனு வந்தா ஒருத்தனும் வர மாட்டான். மீனு இருந்தாச் சொல்லு. இல்லைன்னா வாய மூடிக்கிட்டு வா. முடியாதுன்னா சுக்கான வேற ஆள் பிடிப்பான்."

"நாளைக்குச் சொல்றேன் சம்மாட்டி."

வீட்டு வாசலில் அத்தை காத்திருந்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் அய்யா தாங்கியிருப்பார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணே, ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல என்ன வேணா இருக்கட்டும். நீங்க வித்தீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு நாளு நான் பெட்டியத் தூக்கிட்டு ஓடியாந்தேன். இன்னைக்கி மீனுடான்னு பிள்ளைகள்ட்டச் சொல்லிட்டு வந்தேன். திரும்பிப் போயி என்ன சொல்ல? ஆண்டவருக்குச் சொல்றத எங்க காதுல விழாமச் சொல்லுங்க."

அய்யா தலை குனிந்தார். அவரை யாராவது ஜெயித்தார்கள் என்றால் அது அத்தை மட்டும்தான். ஒரே தோத்திரம் மேலே புகழ்ச்சியாகவும் கரையில் பொய்யாகவும் போய்ச் சேர்கிறது என்பதை அவர் அதுவரை யோசிக்கவில்லை. இன்று நினைத்தால் அய்யாவின் பிழை அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. கரையில் இருந்தவர்களுக்குப் பசி என்பதை அவர் மறந்துவிட்டார்.

ஆத்தா என்னை இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனாள். சுக்கான் போனால் வீடு என்னவாகும் என்று அழுதாள். சாமியார் சங்கடப்பட்டார். "நான் பொதுவாகத்தான் சொன்னேன் அம்மா. அதை இப்படிக் கடலில் போய்... மனசுக்குள் சொன்னால் போதாதா? அவரைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள்" என்றார்.

வரும் வழியில் ஆத்தா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ரயில் பாதையைத் தாண்டும்போது, "பொதுவாச் சொன்னாராம்ல" என்றாள். பிறகு, "அம்புட்டுப் பேரு உக்காந்து கேட்டோம். ஒருத்தர் மட்டும் நெசம்னு எடுத்துக்கிட்டாரு" என்றாள். அது அய்யாவைத் திட்டியதா, மெச்சியதா என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் அய்யா அடுப்புப் பக்கம் குந்தியிருந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரி சொல்றது நியாயந்தான?" என்றாள் ஆத்தா.

"நியாயந்தான்."

"அப்பத் தோத்திரத்த விட்டுருங்க."

"விட மாட்டேன்."

ஆத்தா அவர் தலையில் கட்டியிருந்த துண்டை வெடுக்கென்று அவிழ்த்தாள். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு அது. வெயிலில் வெளுத்துக் கிடந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

"மீனு இருந்தா இதப் பாய்மரத்துல கட்டுங்க. கண்ணு இருக்குறவ பாத்துட்டுப் பெட்டியத் தூக்குவா. துண்டு மீனுக்கு. வாய ஆண்டவருக்கு வச்சுக்கிருங்க."

அய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இது எனக்குத் தோணலையே" என்றார்.

"ஒங்களுக்கு எதுதான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊற்றினாள். அன்று அவர் கையை மோந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை கருக்கலிலேயே அய்யா சம்மாட்டியிடம் போய்த் துண்டு விஷயத்தைச் சொன்னார். அவர், "துண்டக் கட்டு, துணியக் கட்டு, அந்தச் சத்தம் என் படகுல வேணாம்" என்றார். அய்யா, "சுக்கான் உங்களுது சம்மாட்டி. இன்னைக்கிப் போயிட்டு வந்து குடுத்துர்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சுக்கான் போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஏதாவது அதிசயம் வரும் என்று காத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை முதல் சித்தப்பா சுக்கானைப் பிடித்தார். அதற்காகத்தான் அவர் படகில் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று ஆத்தா சாகும்வரை சந்தேகப்பட்டாள். அய்யா வேறொருவர் படகில் முன்னால் இருந்து துடுப்புப் போட்டார். பங்கு குறைந்தது. அந்த வருஷம் நான் புதுநன்மைக்குப் புதுச்சட்டை இல்லாமல், வரிசையின் கடைசியில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். துண்டு கட்டுகிற பழக்கம் மட்டும் நம் கரையில் வெகுகாலம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆத்தா ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோதே பெண்களிடம் துண்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள். சிரித்தார்கள். ஆனாலும் கரைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள், அத்தை உட்பட. தண்டல் வேலை போகிற ஆளின் முகத்தைப் பார்க்க வந்தார்களோ என்னவோ. சம்மாட்டி தன் கொட்டகை நிழலில் நின்றார். மச்சினர் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றார்.

படகு தெரிந்தது. எல்லாரும் பாய்மரத்தைப் பார்த்தார்கள். துண்டு இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் ஏமாறவும் இல்லை.

"பிதாவுக்கும்..."

அய்யாவின் குரல்தான். வழக்கம்போல அது வந்து தனியாக நின்றது. படகில் சித்தப்பா குனிந்து துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆத்தா எழுந்தாள். வெறும் பெட்டி இடுப்பில் இருந்தது. அவள் அய்யாவை முழுக்க நம்பித்தான் எழுந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தேகம் போகாமலே கூட எழுந்திருக்கலாம். கோழியைக் கூப்பிடுகிற அதே கரகரத்த குரலில் கடலைப் பார்த்து,

"சுதனுக்கும்!" என்றாள்.

துடுப்புகள் நின்றன. ஒரு பெண் கரையிலிருந்து பதில் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்புறம் மூன்றாவது. அதை யார் எடுத்தார்கள் என்று நான் எவ்வளவோ பேரிடம் கேட்டுவிட்டேன். சித்தப்பா அது கரையிலிருந்து வந்தது என்பார். அத்தை, இல்லை, படகிலிருந்துதான் முதலில் வந்தது என்று அடித்துச் சொல்வாள். நான் கணுக்கால் தண்ணீரில் நடுவில் நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டது. மீன் இல்லாத படகும் உலை கொதிக்காத கரையும் சேர்ந்து, "இஸ்பிரீத்து சாந்துவுக்கும் தோத்திரம்" என்றன. அத்தை மடியில் உப்பு இல்லை. அவளும் சொன்னாள். கொட்டகைப் பக்கம் ஓர் ஆண் குரல் கேட்டது. அது சம்மாட்டி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தத் தோத்திரம் தொடங்கி முடிகிற மட்டும் எங்கள் ஊரில் ஒருவரையொருவர் யாரும் சந்தேகப்படவில்லை. உபதேசியார் கேட்ட "மூணா, ஒண்ணா?" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

படகு மணலில் முட்டியது. அய்யா சுக்கானைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார்.

சம்மாட்டியின் மச்சினர் மெல்ல வந்து, படகுக்குள் எட்டிப் பார்த்தார்.